பன்னிரண்டு ஃப்ரேம் முன்னால்

ஆவுடையப்பன் மறுபடியும் சிகரெட் பிடிக்கிறார் என்பதைக் கிராம்புதான் காட்டிக்கொடுத்தது. தொண்டையில் பாதியை அறுத்து எடுத்த மனுஷன், ரசத்தில் மிளகு கூடினாலே கண் கலங்குகிறவர், சாயங்காலம் ஆறு மணிக்கு வாயில் கிராம்பை அதக்கிக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் விஷயம் புரிந்துவிடும். செண்பகவல்லி நேராக மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்று துண்டுகள் கிடந்தன. ஒன்றில் இன்னும் சூடு இருந்தது.

எட்டு மாதம் அந்த மனுஷனுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றியிருக்கிறாள். கழுத்தில் போட்ட துளையிலிருந்து சளியைத் துடைத்து எடுத்திருக்கிறாள். போன மாதம்தான் அவர் முதன்முதலாக அவள் பெயரைச் சத்தமாகச் சொன்னார், பாதிக் காற்றும் பாதிக் குரலுமாக. டாக்டரம்மா பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார்: மிச்சத் தொண்டையில் மறுபடி புகை பட்டால், அடுத்த தடவை அறுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அதைக் கேட்டு இரண்டு கையையும் கூப்பியவர்தான் இப்போது கிராம்பு மெல்லுகிறார்.

துண்டுகளை ஒரு காகிதத்தில் பொறுக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். சண்டை பிடிப்பார், இல்லை மழுப்புவார் என்று எதிர்பார்த்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. பயந்துபோய் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா எனக்கே புரியல வல்லி. செல்லுல படம் பாத்துட்டிருப்பேன். திடீர்னு கை பாக்கெட்டுக்குப் போகும். போன பிறகுதான் எனக்கே தெரியும்."

"படத்துல எவன் பிடிக்கிறான்?"

"யாருமே பிடிக்கலையே" என்றார் அவர். "அதான் எனக்கும் பயமா இருக்கு."

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செண்பகவல்லி இருபது வருஷம் சோறு தின்றதே சிகரெட்டால்தான். சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் படங்களுக்கு எச்சரிக்கை வரி போடுவது அவள் வேலை. கதாநாயகன் சிகரெட்டை எடுத்தால் திரையின் இடது மூலையில், கீழே, வெள்ளை எழுத்தில் 'புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு' என்று வர வேண்டும். எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும் என்று ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்துக் குறிப்பாள். ஸ்டுடியோவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கேடு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் ஜெனரேட்டர் வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து புகை விட்டுக்கொண்டிருந்த ஓட்டுநரைத்தான் கேடு அக்கா கல்யாணம் செய்துகொண்டாள் என்பதில் யூனிட்டுக்கே பெரிய சந்தோஷம்.

இருபது வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் படங்கள். ஜெயித்தால் ஒரு சிகரெட், காதலி போனால் ஒரு சிகரெட், அம்மா செத்தால் சுடுகாட்டு வாசலிலேயே ஒரு சிகரெட். மேஜை மேல் கிடக்கும் பாக்கெட் எப்போதும் பேர் தெரிகிற பக்கமாகத்தான் கிடக்கும். கதாநாயகன் வீட்டுச் சுவருக்கும் அந்தப் பாக்கெட்டின் நிறம்தான் இருக்கும். யாரோ வந்து திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள், அதற்கு யாரோ கூலி வாங்குகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த அழுக்குக்குள் உட்கார்ந்து தன் வெள்ளை எழுத்தை மட்டுமாவது ஒழுங்காகப் போட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தில் அவளாகக் கண்டுபிடித்த வழக்கம் ஒன்று இருந்தது. சிகரெட் தெரிகிற வரைக்கும் எழுத்து தெரிந்தால் போதும் என்பதுதான் சட்டம். மற்ற ஊர்களில் சிகரெட் திரைக்கு வந்த பிறகுதான் எழுத்து வரும். அது வண்டி ஏறி இறங்கின பிறகு ஹாரன் அடிக்கிற கதை என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. ஆகவே அவள் பன்னிரண்டு ஃப்ரேம் முன்னாலேயே போட்டாள். அதாவது அரை நொடி. நடிகரின் கை பாக்கெட்டை நோக்கிக் கிளம்பும்போதே எழுத்து வந்துவிடும். பார்க்கிறவன் முதலில் எச்சரிக்கையைப் படிக்கட்டும், பிறகு சிகரெட்டைப் பார்க்கட்டும். இயக்குநர்கள் முணுமுணுத்தார்கள். தணிக்கைக் குழுவில் ஓர் அம்மாள் பாராட்டினாள். பாராட்டு பரவி, மற்ற ஸ்டுடியோக்காரர்களும் அந்தக் கணக்கை அவள் தன் பேரில் போட்டுவைத்திருந்த ஃபைலை வாங்கிக்கொண்டு போய் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிறகு எழுத்துப் போடவும் இயந்திரம் வந்தது, தியேட்டர்களும் மூடின, அவளும் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது எல்லாருக்கும் எல்லாப் படமும் 'நிலாத்திரை' வழியாகச் செல்லில்தான் வருகிறது. பார்க்கிறவன் ரசனைக்குத் தக்கபடி பாட்டைக் குறைத்து, சண்டையைக் கூட்டி அனுப்புகிறார்கள் என்று கேள்வி.

மறுநாள் மத்தியானம் அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கும் படத்தையே தன் செல்லிலும் போட்டுக்கொண்டாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மாவின் கதை. சிகரெட்டுக்கு வேலையே இல்லாத படம். அரை மணி நேரம் போயிருக்கும். கதாநாயகி அடுப்படியில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பனின் செல்லில், இடது மூலையில், கீழே, 'புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு' என்று வந்து போனது.

செண்பகவல்லிக்கு முதலில் தொழில் கோபம்தான் வந்தது. சிகரெட்டே இல்லாத இடத்தில் எந்த மடையன் போட்டான் என்று நினைத்துக்கொண்டே தன் செல்லைப் பார்த்தாள். அதே அடுப்படி, அதே மாவு. எழுத்து இல்லை. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் கண் படத்தில் இருந்தது. வலது கை மட்டும் மெல்ல மேலேறி, சட்டைப் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கியது. கை போனதும் வந்ததும் அவருக்குத் தெரிந்ததாகவே இல்லை.

அந்த ஒரு படத்தில் பதினோரு தடவை எழுத்து வந்தது. வாத்தியாரம்மா பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வந்தது, குழந்தைக்குத் தலை வாரியபோது வந்தது. கதை கொஞ்சம் அசந்து, ஆவுடையப்பனும் அசந்து சாய்கிற நேரமாகப் பார்த்துத்தான் வந்தது. ஏழாவது தடவை அவர் மூச்சு முட்டுகிற மாதிரி எழுந்து, காற்றாட மாடிக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நாடியை அளக்க ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டிவிட்ட நாடிப் பட்டைக்குக் கீழே அவர் நாடி ஓட்டமாக ஓடியது.

ரியாஸ் ஒரு காலத்தில் அவளிடம் தொழில் படித்தவன். இப்போது நிலாத்திரையில் நல்ல வேலையில் இருந்தான். வடபழனியில் ஒரு ஜூஸ் கடைக்கு அவனை வரச் சொல்லி, பார்த்ததைச் சொன்னாள். இயந்திரம் தப்பாகப் போடுகிறது, யாரிடமாவது சொல்லிச் சரிசெய் என்றாள். ரியாஸ் தன் செல்லை மேஜை மேல் கவிழ்த்து வைத்தான். சாத்துக்குடி ஜூஸை அவன் தொடவே இல்லை.

"தப்பு இல்லக்கா. வேணும்னேதான் வருது."

"சிகரெட்டே இல்லாத இடத்துலயா?"

"சிகரெட்டைக் காட்டினாதான் சட்டம் வரும். எச்சரிக்கையைக் காட்டாதேன்னு சட்டம் எதுவும் இல்லையே. விழிப்புணர்வுச் செலவுன்னு சொல்லி, புகையிலைக் கம்பெனிதான் அந்த எழுத்துக்குக் காசு கொடுக்குது."

மெதுவாக, குரலைத் தாழ்த்தி, அவன் மிச்சத்தைச் சொன்னான். முதலில் பழைய படங்களில் கதாநாயகன் கையில் சிகரெட்டை வரைந்து, பார்க்கிற ஆளைப் பொறுத்து அனுப்பிப் பார்த்தார்களாம். ஒரு வழக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தச் சமயத்தில் ஜனங்களின் நாடியை அளந்துகொண்டிருந்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சிகரெட்டைப் பார்த்து நாடி எகிறவில்லை. அதற்கு முன்னாலேயே எகிறியது. எழுத்து வந்த கணத்தில் எகிறியது. மற்ற மொழிகளில் இப்படி இல்லை. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான்.

"மத்த எடத்துல சிகரெட் வந்தப்புறம் எழுத்து வரும். இங்க எழுத்து வந்து சரியா அரை நொடியில சிகரெட் வரும். இருபது வருஷமா, எல்லாப் படத்துலயும், ஒரே அளவு. இப்போ எழுத்து மட்டும் வந்தாலும் போதும்க்கா. மனசு மிச்சத்தைத் தானே தேட ஆரம்பிச்சுடுது."

செண்பகவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொல்வது புரிந்தது, ஆனால் தன்னைப் பற்றித்தான் சொல்கிறான் என்பது புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"எல்லாருக்குமா வருது?"

"பிடிக்கிறவனுக்கு எதுக்கு, அவன்தான் வாங்குறானே. விட்டவங்களுக்கு மட்டும். விட்டு ஒரு வருஷம் ஆகாதவங்களுக்கு. ஆஸ்பத்திரியில கட்டிவிடற நாடிப் பட்டையிலேருந்து பட்டியல் வருது." ரியாஸ் சற்றுத் தயங்கினான். "உள்ளே இந்த வேலைக்கு 'வல்லி பன்னெண்டு'ன்னு பேரு. உங்க ஃபைல்ல இருந்த பேரை அப்படியே வச்சுட்டாங்க. அது ஒரு ஆளோட பேருன்னே அங்க யாருக்கும் தெரியாது."

அவள் எழுந்து நேராக வீட்டுக்குப் போனாள்.

முதல் வேலையாகப் புருஷனின் செல்லைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். காரணம் சொன்னாள். அவருக்குப் பாதி புரிந்தது, பாதி நம்பிக்கை இல்லை. ஆனாலும் குழந்தை மாதிரி தலையாட்டினார். நாடிப் பட்டையை மட்டும் கழற்ற முடியாது, டாக்டரம்மா அதை வைத்துத்தான் வைத்தியம் பார்க்கிறார். நான்கு நாள் வீடு அமைதியாக இருந்தது. ஐந்தாம் நாள் டீக்கடைக்குப் போனவர் கிராம்பு வாசனையோடு திரும்பி வந்தார். டீக்கடைச் சுவரிலும் ஒரு திரை இருந்தது, பஸ்ஸில் முன் சீட்டின் முதுகிலும் இருந்தது, ரேஷன் கடை வரிசையிலும் இருந்தது. எந்தத் திரைக்கு முன்னால் போய் நின்றாலும் பட்டை ஆளைச் சொல்லிவிடும், திரை எழுத்தைப் போட்டுவிடும். ஊரையே பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது.

அடுத்து அரசாங்கத்துக்குப் போனாள். சுகாதாரத் துறையில் புகையிலை ஒழிப்பைப் பார்க்கிற அதிகாரி ஞானப்பிரகாசம், நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. அண்ணனைப் புற்றுக்குப் பறிகொடுத்து, அதற்காகவே இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். எழுந்து நின்று வரவேற்றார், முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் குழம்பியது. எச்சரிக்கை அதிகமாக வருகிறது என்று புகார் கொடுக்கிற முதல் ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"இந்த ஒரு வரிக்காக எத்தனை வருஷம் கோர்ட்டுப் படி ஏறினோம் தெரியுமாம்மா? அதை எடுக்கச் சொல்லி என் கையாலயே எழுதச் சொல்றீங்களா?"

அவள் பன்னிரண்டு ஃப்ரேம் கதையை மறுபடியும் சொன்னாள். அவர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். வீட்டில் நோயாளி இருந்தால் மனசு இப்படியெல்லாம் நினைக்கும் என்று ஆறுதல் சொன்னார். எழுத்து கண்ணில் படவில்லை என்றால் சொல்லுங்கள், இன்னும் பெரிதாகப் போடச் சொல்லி இன்றைக்கே ஆணை போடுகிறேன் என்றார். வேண்டாம் சார், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவள் படியிறங்கினாள்.

புகையிலைக் கம்பெனிக்கு அவள் போகவில்லை. அவர்களாகவே கூப்பிட்டார்கள். ஞானப்பிரகாசத்தின் அலுவலகத்தில் சொன்னது அதற்குள் எப்படி அங்கே போனது என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம். உள்ளே மல்லிகை மணம். ஒவ்வொரு தளத்திலும் 'இங்கே புகைபிடிக்கக் கூடாது' என்று பலகை. மேகலா என்று ஒரு பெண் அதிகாரி, கைத்தறிப் புடவை கட்டி, வாசல் வரை வந்து கூட்டிக்கொண்டு போனாள். தன் அப்பாவுக்கும் தொண்டையில்தான் வந்தது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் உண்மையாகவே கலங்கியது. செண்பகவல்லிக்கு அந்தக் கண்ணீரைப் பார்க்கத்தான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

"சட்டம் கேக்கறதைவிட நாங்க எத்தனையோ மடங்கு எச்சரிக்கை போடறோம் மேடம்" என்றாள் மேகலா. "உங்க வேலையைப் பாத்துத்தான் கத்துக்கிட்டோம். உங்களை நேர்ல பாத்து நன்றி சொல்லணும்னு எனக்கு ரொம்ப ஆசை."

இப்படி ஒரு நன்றியைக் காதால் கேட்க எந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்தோமோ என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. மேகலா ஒரு தாளை நகர்த்தினாள். ஆவுடையப்பனின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இன்றைக்கே எடுத்துவிடுகிறார்கள். இனி எந்தத் திரையிலும் அவருக்கு அந்த எழுத்து வராது. பதிலுக்கு அவள் இதைப் பற்றி யாரிடமும், எழுத்தாலோ பேச்சாலோ, எப்போதும் சொல்லக் கூடாது.

சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஜெயில், வழக்கு என்று மிரட்டுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"ஒண்ணும் செய்ய மாட்டோம் மேடம்" என்று மேகலா மென்மையாகச் சொன்னாள். "சார் பேர் திரும்பப் பட்டியலுக்கு வந்துடும். அவ்வளவுதான்."

பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று செண்பகவல்லி கேட்டாள். அது உங்களுக்கு எதற்கு மேடம் என்றாள் மேகலா, அவள் மனசு நோகக் கூடாதே என்கிற அக்கறையோடு. கையெழுத்துப் போடுமுன் எவ்வளவு நேரம் யோசித்தாய் என்று பிற்பாடு யாராவது கேட்டால் செண்பகவல்லி பொய்தான் சொல்ல வேண்டியிருக்கும். தொட்டிக்குப் பின்னால் கிடந்த மூன்று துண்டுகள் கண்ணுக்கு முன்னால் வந்தன, பேனாவை எடுத்துவிட்டாள்.

அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. அன்று முதல் ஆவுடையப்பனின் செல்லில் எழுத்து வரவில்லை. பத்து நாளில் கிராம்பு டப்பா அடுப்படிக்குத் திரும்பியது. அவள் அதற்குப் பிறகு எந்தப் படமும் பார்க்கவில்லை. ரியாஸ் இரண்டு தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை. கண்ணாடியில் தலை வாரும்போது தன் முகத்தைப் பார்க்காமல் வகிடு எடுக்கப் பழகிக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்து மறு பரிசோதனைக்குப் போனார்கள். டாக்டரம்மா குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, புண் முழுக்க ஆறிவிட்டது, இப்படி எல்லாரும் இருந்தால் எனக்கு வேலையே இருக்காது என்று சிரித்தார். மாத்திரை வாங்கும் இடத்தில் கூட்டம். நீளக் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள், பெரும்பாலானவற்றில் கழுத்தில் துணி சுற்றிய ஆண்கள், ஒவ்வொருவர் கையிலும் செல், ஒவ்வொரு மணிக்கட்டிலும் பட்டை. ஆவுடையப்பன் ஏதோ நகைச்சுவைப் படம் பார்த்துச் சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் செண்பகவல்லி வந்திருந்தாள். ஆனால் இருபது வருஷம் பழக்கிய கண். பக்கத்து நாற்காலிக்காரரின் செல்லில் இடது மூலை வெளுத்தது. அதற்கு அடுத்தவர் செல்லில் வெளுத்தது. முன் வரிசையில் ஒருவரின் கை சட்டைப் பாக்கெட்டுக்கு ஏறியது, அப்புறம் இன்னொருவரின் கை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகத் தன் மனைவியிடம் சைகை காட்டிவிட்டுக் கூடத்தை விட்டு வெளியே போனார். தண்ணீர்க் குழாய் கூடத்துக்குள்ளேயேதான் இருந்தது. அந்தப் பெண் அவர் போவதை வாசல் வரைக்கும் பார்த்தாள். அப்புறம் காலியான நாற்காலிக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். மதுராந்தகத்திலிருந்து வருகிறோம் என்றாள், பேர் கிருஷ்ணவேணி என்றாள். முப்பத்தைந்து வயசு கூட இருக்காது.

"ஆப்பரேசன் முடிஞ்சு அஞ்சு மாசம் தொடவே இல்லக்கா. இப்ப திரும்ப ஆரம்பிச்சிட்டாரு. அழுவுறாரு, சத்தியம் பண்றாரு, மறுபடியும் போறாரு. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு எனக்கு." அவள் ஆவுடையப்பனைக் காட்டினாள். "அண்ணன் மட்டும் எவ்வளவு அமைதியா உக்காந்திருக்காரு. என்னக்கா செஞ்சீங்க? எனக்கும் சொல்லுங்களேன்."

காதில் விழுந்ததும் ஆவுடையப்பன் திரும்பினார். பெருமையோடு மனைவியைக் காட்டி, இருக்கிற குரலையெல்லாம் கூட்டி, "எல்லாம் இவதான்" என்றார்.

கிருஷ்ணவேணி காத்திருந்தாள். செண்பகவல்லி வாயைத் திறந்தாள். நான்கே வார்த்தை போதும். அந்தப் பட்டையைக் காட்டி, அந்த மூலையைக் காட்டினாலே போதும். எதிரே ஆவுடையப்பன் மறுபடி படத்துக்குள் போய், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்" என்றாள் செண்பகவல்லி.

கிருஷ்ணவேணியின் முகம் தெளிந்தது. பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். மாத்திரைச் சீட்டைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் கிழமை என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை."

"எத்தினி வாரம்க்கா?"

"ஒம்பது."

"வெளக்கு எண்ணெய்லயா, நெய்யிலயா?"

"நெய்" என்றாள் செண்பகவல்லி. அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.